சூரியப் புயல்களும் சராசரிக் கணக்கும்

பி.காம். வகுப்புகளில் புள்ளியியல் பாடம் ஆரம்பிக்கும்போது ஒரு பழைய கதை சொல்வார்கள். ஒரு கணக்கு வாத்தியார் ஆற்றைக் கடக்க வேண்டும். நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்து, கூட்டி வகுத்து, "சராசரி ஆழம் மூன்றடிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். நடு ஆற்றில் ஆழம் பத்தடி. கணக்கு சரிதான், வாத்தியாரைத்தான் காணவில்லை!

சிரித்துவிட்டு மறந்துவிடுகிற கதைதான். ஆனால் சூரியனைப் பற்றி வருகிற செய்திகளைப் படித்தால் இந்த வாத்தியார் அடிக்கடி ஞாபகத்துக்கு வருவார். "இந்தச் சுழற்சி பலவீனமானது, பயமில்லை" என்று ஒரு செய்தி. "உச்சக்கட்டம் முடிந்துவிட்டது, இனி அமைதி" என்று இன்னொரு செய்தி. இரண்டுமே சராசரியைப் பார்த்துச் சொல்லப்படுபவை. ஆற்றில் பத்தடி பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லப்படுபவை அல்ல.

சூரியனுக்கும் சீசன் உண்டு

குற்றாலத்துக்கு மட்டும்தான் சீசன் என்று இல்லை, சூரியனுக்கும் உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் டெஸ்ஸௌ நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிச் ஷ்வாபே. புதன் கோளுக்கும் சூரியனுக்கும் நடுவில் இன்னொரு கோள் ஒளிந்திருக்கிறதா என்று தேடித்தான் 1826-ல் சூரியனைக் கவனிக்க ஆரம்பித்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் வெயில் அடித்த நாள் ஒன்றையும் விடாமல் பதினேழு வருடம் எழுதி வைத்த குறிப்புகளில் வேறொன்று கிடைத்தது. சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன! 1844-ல் இதை வெளியிட்டார். பிறகு சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப் பழைய குறிப்புகளையெல்லாம் தேடியெடுத்து, 1755-ல் தொடங்கிய சுழற்சிக்கு ஒன்று என்று எண் கொடுத்தார். அந்த வரிசையில் 25-வது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. ஒரு சுழற்சிக்குச் சராசரியாக 11 வருடம்.

கரும்புள்ளி என்பது காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும் இடம். அந்தக் காந்தப்புலம் உள்ளேயிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பதால், அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. 1908-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஹேல் இந்தக் காந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்.

இந்தக் காந்தக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது இரண்டு விஷயங்கள் நடக்கலாம். ஒன்று, சோலார் ஃபிளேர் எனப்படும் சூரியச் சுடர். இது ஒளியும் எக்ஸ் கதிரும். எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். இன்னொன்று, சூரியனிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா மேகம். இது பூமிக்கு வர பதினைந்து மணி நேரமும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கி, காந்தப் புயலை உண்டாக்குவது இந்த மேகம்தான். சுடர் வேறு, புயல் வேறு. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

மார்க் ஷீட்

கடந்த ஏழு சுழற்சிகளும் உச்சத்தில் தொட்ட கரும்புள்ளி எண் இதுதான் (மாத ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்த பிறகு):

19-வது சுழற்சி (1958) – 285
20-வது சுழற்சி (1968) – 157
21-வது சுழற்சி (1979) – 233
22-வது சுழற்சி (1989) – 213
23-வது சுழற்சி (2001) – 180
24-வது சுழற்சி (2014) – 116
25-வது சுழற்சி (2024) – 161

முதல் சுழற்சியிலிருந்து எல்லா உச்சங்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி சுமார் 179. அதாவது 19 முதல் மாணவன். 24 கடைசி பெஞ்ச். 1906-ல் உச்சம் தொட்ட 14-வது சுழற்சிக்குப் பிறகு இவ்வளவு குறைந்த மதிப்பெண் யாரும் வாங்கவில்லை.

இந்த மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்து, "எந்தச் சுழற்சியில் அதிக ஆபத்து?" என்று கேட்டால் எல்லோரும் 19 என்றுதான் சொல்வார்கள். 19-ம் சும்மா இருக்கவில்லை. 1956 பிப்ரவரியில் சூரியத் துகள்கள் தரை வரைக்கும் வந்து கருவிகளில் பதிவானதில் அதுதான் பெரிய சம்பவம். 1958 பிப்ரவரியில் பெரிய காந்தப் புயலும் வந்தது. ஆனால் வரலாற்றில் பேசப்படும் மற்ற புயல்கள் எந்தெந்தச் சுழற்சியில் வந்தன?

யார் வீட்டில் இடி விழுந்தது?

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தின் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் கேரிங்டன் கரும்புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் மேல் வெள்ளை ஒளி பளிச்சிட்டதைப் பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் அது மறைந்தது. பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியில் காந்தப் புயல். அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லேண்டுக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாகப் பாய்ந்த மின்சாரத்திலேயே செய்தி அனுப்பிக்கொண்டார்கள். நம் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியில் காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்தது பதிவாகியிருக்கிறது. இன்று இந்தப் புயலை ஆராய்கிறவர்களுக்கு முக்கியமான சாட்சி அந்த பம்பாய்ப் பதிவுதான். சரி, இது எந்தச் சுழற்சி? பத்தாவது. மதிப்பெண் 186. சராசரி மாணவன்!

1921 மே. நியூயார்க் பக்கம் ரயில் சிக்னல், தந்தி எல்லாம் கெட்டது. சுவீடனில் கார்ல்ஸ்டாட் தொலைபேசி நிலையம் தீப்பிடித்தது. 15-வது சுழற்சி. மதிப்பெண் 176, அதுவும் சராசரி. அதைவிட முக்கியம், அந்தச் சுழற்சியின் உச்சம் 1917-லேயே முடிந்துவிட்டது. புயல் வந்தது நான்கு வருடம் கழித்து.

1972 ஆகஸ்ட் 4. சூரியனிலிருந்து கிளம்பிய மேகம் பதினைந்து மணி நேரத்துக்கும் குறைவாகப் பூமியை அடைந்தது. வியட்நாம் கடற்கரையில் அமெரிக்கக் கடற்படை போட்டு வைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள் கப்பலே வராமல் தானாக வெடித்தன. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் யாரும் நிலவில் இல்லாதது அதிர்ஷ்டம். இருந்திருந்தால் அந்தக் கதிர்வீச்சு உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம். இது 20-வது சுழற்சி. 157 மதிப்பெண். சராசரிக்கும் கீழே. இதுவும் உச்சம் முடிந்து கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து.

1989 மார்ச் 13. கனடாவின் கியூபெக் மாநிலம் 90 விநாடியில் இருட்டானது. அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அங்கே தரைக்கு அடியில் மின்சாரம் எளிதில் பாயாத கடும்பாறை. அதனால் காந்தப் புயல் தூண்டிய மின்னோட்டம் பாறையை விட்டுவிட்டு நீளமான மின்கம்பிகளைத் தேடிப் போனது. இது 22-வது சுழற்சி, 213. கடைசியில் ஒரு நல்ல மாணவன் சிக்கினான்.

2012 ஜூலை 23. நூறு வருடத்தில் பலவீனமான சுழற்சி என்று சொன்னோமே, அந்தக் கடைசி பெஞ்ச் 24-வது சுழற்சி. சூரியனிலிருந்து கிளம்பிய மேகம் பூமியின் பாதையைத் தாண்டிப் போனது. ஆனால் அந்த நேரம் பூமி அந்த இடத்தில் இல்லை. நாசாவின் ஸ்டீரியோ-ஏ விண்கலம் அங்கே இருந்து அடியை வாங்கிக்கொண்டது. அளந்து பார்த்த விஞ்ஞானிகள் இதை 1859 புயலோடு ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வெடித்திருந்தால் நேராக இங்கேதான் வந்திருக்கும்.

பார்த்தீர்களா? முதல் மாணவனிடமும் பெரிய புயல் இருக்கிறது, கடைசி பெஞ்சிடமும் இருக்கிறது. வலுவான சுழற்சியில் புயல்களின் மொத்த எண்ணிக்கை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஊரையே இருட்டாக்குவது மொத்த எண்ணிக்கை அல்ல. ஒன்றே ஒன்று போதும்.

பெரிய சுடர் என்றால் பெரிய புயலா?

சுடர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல பத்து மடங்கு. எக்ஸ்-க்கு மேல் எழுத்து இல்லாததால் எக்ஸ் 2, எக்ஸ் 10 என்று எண் ஏறிக்கொண்டே போகும். 1970-களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் இதை அளக்கின்றன.

இந்த அளவீட்டில் சாம்பியன் 2003 நவம்பர் 4-ம் தேதி வந்த சுடர். கருவியே தாங்காமல் பத்து நிமிடத்துக்கு மேல் திணறி நின்றது. பிறகு மதிப்பிட்டு எக்ஸ் 28 என்றார்கள். இவ்வளவு பெரிய சுடருக்குப் பூமியில் என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை! வெடிப்பு சூரியனின் மேற்கு ஓரத்தில் நடந்ததால் மேகத்தின் பெரும்பகுதி வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து நவம்பர் 18-ல் வெறும் எம் வகைச் சுடர்களோடு கிளம்பிய ஒரு மேகம், 20-ம் தேதி பூமிக்கு வந்து 23-வது சுழற்சியின் மிகப் பெரிய காந்தப் புயலை உண்டாக்கியது.

கியூபெக் கதையும் இப்படித்தான். 1989 மார்ச் 6-ல் எக்ஸ் 15 சுடர் வந்தது, ஊர் இருட்டாகவில்லை. மார்ச் 10-ல் வந்தது எக்ஸ் 4.5. அதோடு தொடர்புடைய மேகம்தான் 13-ம் தேதி வேலையைக் காட்டியது. மேகம் எந்தத் திசையில் வருகிறது, எவ்வளவு வேகம், அதற்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் புயலைத் தீர்மானிக்கின்றன. சுடரின் எண் என்பது சத்தத்தின் அளவு மாதிரி. அடி எங்கே விழும் என்று அது சொல்லாது.

பழைய ரூபாய், புதிய ரூபாய்

இனி வருவதுதான் வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி. 1980-ல் ஒருவர் வாங்கிய சம்பளத்தையும் இன்று ஒருவர் வாங்கும் சம்பளத்தையும் அப்படியே ஒப்பிட்டால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? விலைவாசிக் குறியீட்டைப் போட்டுச் சரிசெய் என்பார்கள். சூரியக் கணக்கிலும் அதே பிரச்சினை இருக்கிறது.

முதலில் கரும்புள்ளி எண். 2015 ஜூலையில் அந்தப் பட்டியல் முழுவதையும் திருத்தி எழுதினார்கள். பழைய கணக்கில் 24-வது சுழற்சியின் உச்சம் 82. புதிய கணக்கில் அதே உச்சம் 116. சூரியன் ஒன்றும் திடீரென்று சுறுசுறுப்பாகவில்லை, அளவுகோல்தான் மாறியது. பழைய புத்தகத்தில் படித்த எண்ணையும் இன்றைய செய்தியில் வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பான முடிவுதான் வரும்.

அடுத்தது சுடர். பழைய கோஸ் செயற்கைக்கோள்களின் எண்கள் வெகுகாலமாக 0.7 என்ற எண்ணால் பெருக்கப்பட்டுத்தான் வெளியாகின. கோஸ்-16 முதல் அந்தக் குறைப்பு இல்லாமல் உண்மையான அளவு வருகிறது. ஆகவே பழைய எண்களை 0.7-ஆல் வகுத்தால்தான் புதிய எண்களோடு ஒப்பிட முடியும்.

இப்போது பாருங்கள். 2017 செப்டம்பர் 6-ல் வந்தது எக்ஸ் 9.3. 2024 அக்டோபர் 3-ல் வந்தது எக்ஸ் 9.0. செய்தித்தாளில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் 9.3 பழைய ரூபாய்! 0.7-ஆல் வகுத்தால் 13.3. அப்படியானால் பலவீனமான 24-வது சுழற்சியின், அதுவும் அது முடியப்போகிற நேரத்தில் வந்த சுடர், 25-வது சுழற்சியின் உச்ச ஆண்டில் வந்த பெரிய சுடரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. அந்த 2003 சாம்பியன் எக்ஸ் 28 அல்ல, எக்ஸ் 40.

எண்ணிக்கையிலும் இதே விளையாட்டு. 2024 ஒரே ஆண்டில் எக்ஸ் வகைச் சுடர்கள் ஐம்பதைத் தாண்டின. 24-வது சுழற்சி முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய ஐம்பதுதான். "சூரியன் வெறிகொண்டுவிட்டது" என்று தலைப்புப் போட வசதியான கணக்கு. ஆனால் புதிய அளவில் எக்ஸ் 1 என்பது பழைய அளவில் எம் 7 மட்டுமே. பழைய கணக்கில் எம் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பல பேர் புதிய கணக்கில் எக்ஸ் வரிசைக்கு வந்துவிட்டார்கள். 2024 சுறுசுறுப்பான ஆண்டுதான், சந்தேகமில்லை. ஆனால் தலைப்புகள் சொன்ன அளவுக்கு அல்ல.

உச்சம் முடிந்தால் ஆபத்தும் முடிந்ததா?

2019-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று 25-வது சுழற்சி 2025 ஜூலை வாக்கில் 115 தொடும் என்று கணித்தது. 24-ஐப் போலவே இதுவும் மந்தமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அது 2024 அக்டோபரிலேயே 161-ஐத் தொட்டது. சராசரியைக் கணிப்பதே இவ்வளவு கஷ்டம் என்றால், தனி ஒரு புயலைக் கணிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் 2003-க்குப் பிறகு வந்த முதல் ஜி-5, அதாவது உச்ச வகைப் புயல். லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜி.பி.எஸ். தடுமாறி டிராக்டர்கள் வயலில் நின்றன. பெரிய இருட்டடிப்பு எதுவும் இல்லை. 1989-ன் பாடத்தைப் படித்த மின்வாரியங்கள் முன்கூட்டியே தயாராக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சின்னப் புயலையும் அலட்சியம் செய்ய முடியாது. 2022 பிப்ரவரியில் வந்தது மிகச் சாதாரணமான புயல். ஆனால் அது மேல் வளிமண்டலத்தைச் சற்றே சூடாக்கி உப்ப வைத்தது. அப்போதுதான் தாழ்வான பாதையில் விடப்பட்டிருந்த ஸ்பேஸ்எக்ஸின் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 காற்றின் இழுவை தாங்காமல் விழுந்து எரிந்தன.

"அதெல்லாம் கனடாவுக்கும் சுவீடனுக்கும்தானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்துக்கு மேலேதான் போகிறது. மின்கம்பிகளுக்கு வரும் ஆபத்து துருவத்துக்குப் பக்கத்து நாடுகளைவிட இங்கே குறைவுதான். ஆனால் சுடரின் எக்ஸ் கதிர் ரேடியோவைக் கெடுப்பது சூரியன் தலைக்கு மேல் நிற்கும் பகுதிகளில்தான் அதிகம். அயனி மண்டலம் கலங்கினால் ஜி.பி.எஸ். தடுமாறும். கடலுக்குப் போகும் படகு முதல் விமானம் வரை இன்று அதை நம்பித்தான் இருக்கின்றன.

இன்னொரு சுவையான விஷயம். 2021-ல் பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 வருடப் பதிவுகளைப் பார்த்து ஒன்று சொன்னார்கள். இரட்டைப்படைச் சுழற்சிகளில் பெரிய புயல்கள் முன்பாதியிலும், ஒற்றைப்படைச் சுழற்சிகளில் பின்பாதியிலும் வரும் போக்கு தெரிகிறதாம். மேலே சொன்னவற்றை வைத்துச் சரிபாருங்கள். 10, 22, 24 இரட்டைப்படை: 1859, 1989, 2012 மூன்றுமே உச்சத்துக்கு முன்னால். 15, 23 ஒற்றைப்படை: 1921, 2003 இரண்டுமே உச்சத்துக்குப் பின்னால். 1972 மட்டும் இடிக்கிறது. ஆறே சம்பவத்தை வைத்து விதி எழுத முடியாது, விதிவிலக்கும் கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் 25 ஒற்றைப்படை என்பதும் அதன் பின்பாதிதான் 2024-க்குப் பிறகு வரும் ஆண்டுகள் என்பதும் கவனிக்க வேண்டியவை.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியம் போடும்போது "கடந்த வருடம் தீ விபத்து குறைவு" என்று மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அரிதாக வந்தாலும் வந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். சூரியனுக்கும் அந்தக் கணக்குதான் பொருந்தும். அதற்கு வேண்டியது நீண்ட காலப் பதிவு. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 14-வது சுழற்சியில் ஆரம்பித்த கணக்கு அது. கண்ணாடித் தகடுகளில் இருந்த அந்தப் படங்கள் இன்று கணினிக்கு மாற்றப்பட்டு உலகெங்கும் பயன்படுகின்றன. 2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரியில் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப்போய் நின்றது. நூறு வருடத்துக்கு முன் கொடைக்கானல் மலையில் தகட்டை மாற்றிக்கொண்டிருந்தவர்களின் வேலையைத்தான் அது விண்வெளியில் தொடர்கிறது.

ஆகவே அடுத்த முறை "சூரியன் அமைதியாகிவிட்டது" என்று செய்தி வந்தால், அந்த அமைதி சராசரியில்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.